ஒதுங்கப் போனவர் திரும்பவில்லை: அப்பலேச்சியன் நடைத்தடத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

2013 ஜூலையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டில், தனியாக நடந்துகொண்டிருந்த 66 வயதுப் பெண் ஒருவர் காணாமல் போனார். அவர் நடந்தது யாரும் போகாத காட்டுவழி இல்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிற, மரத்துக்கு மரம் வெள்ளைக் குறி போட்ட தடம். நூற்றுக்கணக்கானவர்கள் தேடியும் எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 27 மாதம் அது விடை தெரியாத வழக்காகவே இருந்தது. விடை கிடைத்தபோது, அவர் தடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூடத் தள்ளி இல்லை என்பது தெரிந்தது.

நான் மலை நடைக்குப் பெண்களைக் கூட்டிப் போகிறவள். என்னோடு வருபவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களே அதிகம். இந்த நிகழ்வைப் பற்றி முதலில் படித்தபோது இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. காட்டு விலங்கு, கொள்ளைக்காரன், பெரும்புயல் என்று நாம் பயப்படுகிற எதுவும் இதில் இல்லை. ஒதுங்குவதற்காகத் தடத்தை விட்டு இறங்கினார், திரும்பி வர வழி தெரியவில்லை, அவ்வளவுதான். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் செய்திகளில் வந்தவைதான் என்றாலும் இங்கே எழுதவில்லை.

பின்னணி

அப்பலேச்சியன் நடைத்தடம் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்னில் உள்ள கட்டாடின் மலையில் முடிகிறது. நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர், வழியில் 14 மாநிலங்கள். மொத்தத்தையும் ஒரே ஆண்டில் நடந்து முடிக்க வேண்டும் என்பது அங்கே பலருடைய கனவு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதற்காகவே பயிற்சி எடுத்துக் கிளம்புகிறவர்கள் உண்டு. இவரும் அப்படித்தான்.

2013 ஏப்ரல் கடைசியில், தடத்தின் நடுப்பகுதியான ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து வடக்கு நோக்கி ஒரு தோழியோடு நடக்கத் தொடங்கினார். வடகோடியை எட்டிய பிறகு மறுபடி ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு வந்து தெற்குப் பாதியை நடப்பது திட்டம். கணவர் காரில் கூடவே வந்தார். தடம் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் காத்திருப்பார், சாப்பாட்டுப் பொருள்கள் கொடுப்பார், சில இரவுகள் ஊரில் அறை எடுத்துத் தங்க வைப்பார், அப்புறம் திரும்பவும் தடத்தில் விடுவார். நல்ல ஏற்பாடுதான். பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டும் இதைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் கடைசியில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்துகொண்டிருந்தபோது, குடும்ப அவசரம் ஒன்றுக்காகத் தோழி ஊர் திரும்ப வேண்டி வந்தது. இவர் தனியாகத் தொடர முடிவெடுத்தார். இந்த நிகழ்வில் முதல் திருப்பம் இதுதான். ஏனென்றால் தோழி பிற்பாடு விசாரணையில் சொன்னவை கவனிக்க வேண்டியவை. இவருக்குத் திசை அறியும் திறன் குறைவு, முன்பே சில தடவை வழி தவறியிருக்கிறார், தவறும்போது பதறிப்போவார். இருட்டும் தனிமையும் அவருக்குப் பயம். திசைகாட்டி கையில் இருந்தாலும் அதைப் பயன்படுத்தத் தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் ஏன் தனியாகப் போனார்" என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் அவர் நடந்திருந்த தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வடகோடிக்கு இன்னும் சில நூறு கிலோமீட்டர்தான் பாக்கி. அந்த நிலையில், எனக்கு இருட்டு பயம் என்று சொல்லிவிட்டு எத்தனை பேர் வீடு திரும்பியிருப்போம்? அந்த முடிவு எனக்குப் புரிகிறது. ஆனால் இருவராக நடந்தபோது அந்தக் குறைகளைத் தோழி ஈடுகட்டினார். தோழி போனதும் அந்த இடத்தை நிரப்ப வேறு ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

ஏற்பாடு செய்யக் கருவி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தோடு உதவிக் குறிப்பு அனுப்பும் சிறு கருவி ஒன்று அவரிடம் இருந்தது. கைக்குள் அடங்கும் அளவு. மெய்னில் அந்தக் கட்டத்தில் நடக்கக் கிளம்பியபோது, அது தங்கும் விடுதி அறையிலேயே கிடந்தது.

ஜூலை 22, காலை

ஜூலை 21 இரவு பாப்லர் ரிட்ஜ் என்ற இடத்தில் தங்கினார். இந்தத் தடத்தில் ஒரு நாள் நடைக்குள் அடங்குகிற தூரங்களில் மரத் தங்குகொட்டகைகள் உண்டு. மூன்று பக்கம் மரச்சுவர், ஒரு பக்கம் திறப்பு, கதவு கிடையாது. அன்று அங்கே வேறு நடையர்களும் இருந்தார்கள். மறுநாள் காலை கிளம்பும்போது ஒருவர் இவரைப் படம் எடுத்தார். முதுகில் பை, கழுத்தில் கைக்குட்டை, முகம் நிறையச் சிரிப்பு. உயிரோடு எடுத்த கடைசிப் படம் அது. தேடலின்போது எல்லா இடத்திலும் ஒட்டப்பட்டதும் அதே படம்தான்.

அன்றைய திட்டம் எளியது. சுமார் 13 கிலோமீட்டர் நடந்து ஸ்பால்டிங் மலைக் கொட்டகையில் இரவு தங்குவது. மறுநாள் 23ஆம் தேதி, 27ஆம் எண் நெடுஞ்சாலையில் கணவரைச் சந்திப்பது. பாப்லர் ரிட்ஜிலிருந்து நெடுஞ்சாலை வரை மொத்தம் சுமார் 35 கிலோமீட்டர். அடுத்த சந்திப்பு வரைக்குமான உணவுதான் பையில். பாரம் குறைக்க எல்லா நடையர்களும் செய்வது இதுதான்.

கொட்டகையிலிருந்து கிளம்பினால் தடம் ஆர்பெட்டன் ஓடைக்கு இறங்குகிறது. ஓடையைத் தாண்டியதும் பழைய மரவெட்டுச் சாலை ஒன்று குறுக்கே போகும். அதற்கு அப்பால் மீண்டும் ஏற்றம். இந்தச் சாலைக்கு வடக்கே எங்கோ ஒரு இடத்தில் அவர் ஒதுங்குவதற்காகத் தடத்தை விட்டு இறங்கியிருக்கிறார்.

அங்கே ஒரு நடைமுறை விதி உண்டு. காட்டில் மலம் கழிக்க வேண்டுமானால் நீர்நிலை, தடம், தங்குமிடம் மூன்றிலிருந்தும் 200 அடி, அதாவது ஏறத்தாழ 70 எட்டு தள்ளிப் போக வேண்டும். தண்ணீரும் தடமும் அசுத்தமாகாமல் இருக்க நல்ல விதி. பெண்ணாக இருந்தால் விதியே தேவையில்லை, யார் கண்ணிலும் படாத இடம் கிடைக்கும்வரை நாமே போய்க்கொண்டிருப்போம்.

70 எட்டு என்பது எவ்வளவு தூரம்? இந்த நிகழ்வைப் படித்த பிறகு மேகமலைப் பக்கம் ஒரு சோலைக்காட்டில் நானே போய்ப் பார்த்தேன். பையைத் தடத்தில் வைத்தேன். எண்ணிக்கொண்டே நடந்தேன். நேராகத்தான் போகிறேன் என்று நினைப்பு. வழியில் விழுந்து கிடந்த ஒரு மரத்தைச் சுற்றினேன், ஒரு முள்புதருக்காக இடப்பக்கம் ஒதுங்கினேன். எழுபதில் நின்று திரும்பினால் தடம் இல்லை, பையும் இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே பச்சை. "அக்கா, இங்கே இருக்கோம்" என்று கூட வந்த பெண் குரல் கொடுத்தாள். குரல் வந்தது நான் நினைத்த திசைக்குக் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து. மெய்ன் காடு இன்னும் அடர்த்தி. ஸ்புரூஸ், ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள் கிளையோடு கிளை பின்னி நிற்கிற, சரிவும் பாறையும் கலந்த நிலம். அவருக்குக் குரல் கொடுக்க அன்று யாரும் இல்லை.

காலை 11:01

காலை 11:01க்குக் கணவருக்கு ஒரு குறுஞ்செய்தி தட்டினார். தமிழில் சொன்னால் இப்படி: "கொஞ்சம் சிக்கலில் இருக்கிறேன். ஒதுங்குவதற்காகத் தடத்தை விட்டு இறங்கினேன். இப்போது வழி தெரியவில்லை. அப்பலேச்சியன் மலைக் கழகத்தைக் கூப்பிட்டு, தடம் பராமரிப்பவர் யாராவது உதவ முடியுமா என்று கேட்க முடியுமா? காட்டுச் சாலைக்கு வடக்கே எங்கோ இருக்கிறேன்." கடைசியில் முத்தக் குறிகள்.

செய்தி போகவில்லை. அங்கே சிக்னல் இல்லை. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் இன்னும் பத்துத் தடவை அனுப்பிப் பார்த்தார். ஒன்றும் போகவில்லை.

இந்தச் செய்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். பதற்றத்தில் எழுதியது போலவே இல்லை. என்ன நடந்தது, எங்கே இருக்கிறேன், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. இருட்டுக்குப் பயப்படுபவர், பதறுபவர் என்று பிறகு சொல்லப்பட்டவர், வழி தவறிய முதல் மணி நேரத்தில் அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்.

சிக்னல் தேடித்தான் மேட்டுப்பக்கம் ஏறியிருக்க வேண்டும் என்பது விசாரணையில் எட்டிய முடிவு. மறுநாள் மாலை 4:18க்கு இன்னொரு செய்தி: நேற்றிலிருந்து வழி தவறி நிற்கிறேன், தடத்திலிருந்து மூன்று நான்கு மைல் தள்ளி இருக்கிறேன், என்ன செய்வது என்று போலீஸைக் கேளுங்கள். அதுவும் போகவில்லை. அப்போது அவர் உண்மையில் தடத்திலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில்தான் இருந்திருக்க வேண்டும். சுற்றி அலைந்த களைப்பு, தூரத்தை நான்கைந்து மடங்காகக் காட்டியிருக்கிறது.

காத்திருந்தவர்

23ஆம் தேதி கணவர் நெடுஞ்சாலையில் காத்திருந்தார். மழை. மழையில் நடை தாமதமாவது சாதாரணம், மனைவி எப்போதுமே நிதானமாக நடப்பவர். அதனால் உடனே பதறவில்லை. 24ஆம் தேதியும் வராததால் அதிகாரிகளிடம் சொன்னார். அன்றே தேடல் தொடங்கியது.

வழி தவறியதற்கும் தேடல் தொடங்கியதற்கும் நடுவே இரண்டு நாள் போய்விட்டது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தனியாக நடக்கும் ஒருவர் சில மணி நேரம் தாமதமானால் அலாரம் அடிக்கிற ஏற்பாடு அவர்களுக்குள் இல்லை, பெரும்பாலான குடும்பங்களில் இருப்பதும் இல்லை. "சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தானே நாமும் போகிறோம்? ஆறு மணிக்கு வராவிட்டால் என்ன செய்வது, எட்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று பேசிவைத்தவர்கள் எத்தனை பேர்?

தேடல்

மெய்ன் மாநிலத்தில் காட்டில் காணாமல் போனவர்களைத் தேடும் பொறுப்பு வார்டன் சேவை என்கிற காவல் பிரிவுக்கு. வேட்டை, மீன்பிடிச் சட்டங்களைக் கவனிப்பதும் அவர்களே, ஆகவே காடு அவர்களுக்கு அத்துப்படி. தேடலில் பயிற்சி பெற்ற நாய்கள், விமானம், ஹெலிகாப்டர், குதிரை வீரர்கள், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் இறங்கினார்கள். அந்த மாநில வரலாற்றின் மிகப் பெரிய தேடல்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள்.

பாப்லர் ரிட்ஜில் பார்த்தவர்கள் இருந்தார்கள். நெடுஞ்சாலைக்கு வரவில்லை என்பது உறுதி. நடுவில் 35 கிலோமீட்டர் தடம், அதன் இரு பக்கமும் காடு. எந்தக் கிலோமீட்டரில் இறங்கினார், எந்தப் பக்கம் இறங்கினார் என்று தெரியாது. அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன் என்று வந்த தகவல்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 35 கிலோமீட்டர் நீளத்துக்கு இரு பக்கமும் ஒரு கிலோமீட்டர் என்று வைத்தாலே 70 சதுர கிலோமீட்டர். அதில் ஒவ்வொரு புதரடியையும் பார்ப்பது ஆகிற காரியமா?

அந்த 11:01 செய்தி போயிருந்தால் இது முழுக்க வேறு மாதிரி ஆகியிருக்கும். "காட்டுச் சாலைக்கு வடக்கே" என்ற வார்த்தைகள் கையில் இருந்தால் 35 கிலோமீட்டர் ஒன்றிரண்டு கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெருந்தேடலைக் குறைத்தார்கள். முடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் வார்டன்கள் அவ்வப்போது திரும்பப் போனார்கள், விடுபட்டிருக்கலாம் என்று தோன்றிய பகுதிகளில் மறுபடி நாய்களை இறக்கினார்கள்.

விடை இல்லாத மாதங்கள்

தடயம் இல்லாத இடத்தில் கதைகள் முளைக்கும். யாரோ கடத்தியிருப்பார்கள் என்றார்கள். தடத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சி நிலம் இருக்கிறது. எதிரி நாட்டில் மாட்டிக்கொண்ட வீரர்கள் காட்டில் உயிர்பிழைப்பது எப்படி என்று கற்பிக்கும் இடம். அங்கே ஏதோ நடந்து மூடி மறைக்கிறார்கள் என்றும் பேச்சு வந்தது. குற்றம் நடந்ததற்கான எந்த அடையாளமும் விசாரணையில் கிடைக்கவில்லை. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. காணாமல் போனவரின் குடும்பம் துக்கத்தோடு இதையும் சுமக்க வேண்டியிருந்தது. உடல் கிடைக்காத வீட்டில் கருமாதியும் செய்ய முடியாது, காத்திருப்பதையும் நிறுத்த முடியாது. நம் ஊரிலும் அப்படிப்பட்ட வீடுகள் எனக்குத் தெரியும். வாசல் விளக்கை இரவெல்லாம் அணைக்காமல் வைத்திருப்பார்கள்.

2015 அக்டோபர் 14

கடற்படைப் பயிற்சி நிலத்தின் பகுதியில் ஒப்பந்த வேலையாக நில அளவை செய்துகொண்டிருந்த ஒருவர், மரங்களுக்கு நடுவே சரிந்து விழுந்த ஒரு கூடாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் முதுகுப் பை. தூக்கப் பைக்குள் எலும்புகள். வார்டன்களுக்குத் தகவல் போனது. அவர்தான் என்று மருத்துவ ஆய்வு உறுதி செய்தது. பட்டினியும் குளிர், மழைக்கு ஆட்பட்டதும் மரணக் காரணம்.

அந்த இடம் தடத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 3,000 அடி, ஏறக்குறைய 900 மீட்டர். கூடாரத்தை விட்டு 60, 70 கஜம் ஒரு பக்கமாகப் போனால் அடர்காடு விலகி, பார்வை எட்டும் திறந்த காடு வருகிறது. அந்தப் பக்கமாகச் சரிவில் இறங்கினால் அரை மணி நேர நடையில் பழைய சாலைத் தடம் ஒன்றை எட்டலாம் என்று வார்டன்கள் நடந்து பார்த்துக் குறித்திருக்கிறார்கள். தேடல் நாய்க் குழுக்கள் ஒரு சமயம் அந்தக் கூடாரத்துக்கு 100 கஜத்துக்குள் வந்து போயிருக்கின்றன என்பதும் பதிவேடுகளை ஒப்பிட்டபோது தெரிந்தது.

கூடாரமும் குறிப்பேடும்

கூடாரம் போட்டிருந்த விதத்தைப் பார்த்தாலே அவர் கையறு நிலையில் உட்கார்ந்துவிடவில்லை என்பது தெரிகிறது. ஈரம் ஏறாமல் இருக்க இலையும் சுள்ளியும் பரப்பி மேடாக்கி அதன் மேல் கூடாரம் அடித்திருக்கிறார். அருகே சில மரங்களில் கரிந்த அடையாளம். நெருப்பு மூட்ட, புகை காட்ட முயன்றிருக்கிறார். கண்டெடுத்த பொருள்களில் வரைபடம், மழைச் சட்டை, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் வெள்ளித்தாள் போர்வை, கயிறு, நீலத் தொப்பி, வெள்ளைக் கல் கோத்த கையால் செய்த கழுத்துமாலை. டார்ச் ஒன்று. அது இரண்டு ஆண்டு கழித்தும் எரிந்தது.

தண்ணீர் புகாத பைக்குள் ஒரு குறிப்பேடும் கைபேசியும் இருந்தன. போகாத செய்திகள் எல்லாம் அந்தக் கைபேசியிலிருந்துதான் வெளியே வந்தன. குறிப்பேட்டில் நாள்தோறும் குடும்பத்துக்கு எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 6ஆம் தேதியிட்ட ஒரு பக்கம், கண்டெடுக்கப் போகும் முகம் தெரியாத ஆளுக்கு எழுதியது. என் உடலைக் கண்டால் என் கணவரையும் மகளையும் கூப்பிடுங்கள், நான் இறந்துவிட்டேன் என்பதையும் எங்கே கண்டீர்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்வது, எத்தனை ஆண்டு கழித்தாக இருந்தாலும், நீங்கள் செய்யும் மிகப் பெரிய உதவி, இந்தப் பையில் இருப்பவற்றை அவர்களில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள் என்கிறது. பெருந்தேடலைக் குறைத்த அதே வாரம் அது. அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

ஆகஸ்ட் 10க்குப் பிறகு எழுத்து கோவை இழக்கிறது. கடைசித் தேதி ஆகஸ்ட் 18. குறைந்தது 19 நாள், அந்தக் கடைசித் தேதி சரியானால் 26 நாளுக்கும் மேல் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். எத்தனையோ பேர் பலசாலிகள் தாக்குப்பிடிக்காத காலம் அது. தேடல் உச்சத்தில் இருந்த நாள்கள் முழுவதும் அவர் அங்கே உயிரோடு இருந்தார்.

எடுத்த முடிவுகளைத் திரும்பப் பார்க்கும்போது

தனியாகத் தொடர்ந்தது பற்றி மேலே சொல்லிவிட்டேன். கருவியை விட்டுப் போனது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அது பையில் இருந்திருந்தால் இந்த ஆய்வே எழுதப்பட்டிருக்காது.

சிக்னலுக்காக மேட்டில் ஏறியது தவறா? அன்று அந்த நொடியில் அது அறிவுள்ள முடிவுதான். அவர் கையில் இருந்த ஒரே உதவி வழி கைபேசி. ஆனால் ஓடை, சாலை, பழைய தடம் எல்லாம் கீழே இருந்தன. தேடுபவர்கள் இயல்பாக நடமாடும் இடங்களும் அவைதான். ஒவ்வொரு ஏற்றமும் அவற்றிலிருந்து அவரை விலக்கியது. 11:01க்கு நின்ற இடத்திலேயே நின்று விசில் ஊதியிருந்தால், பின்னால் தடத்தில் வந்தவர்களுக்குக் கேட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன். அது என் கணிப்புதான், விசாரணை முடிவு இல்லை.

ஒரே இடத்தில் தங்கியது பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். "வழி தவறினால் நின்ற இடத்தில் நில்" என்பது எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் பாடம். மேடேறிய பிறகு அவர் அதைச் செய்தார். அந்தப் பாடம் பலிக்க வேண்டுமானால் தேடுபவர்களுக்கு உத்தேச இடமாவது தெரிந்திருக்க வேண்டும், மேலேயிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். அவருடைய கூடாரம் அடர்ந்த மரக்கூரைக்கு அடியில் இருந்தது. மழைக்கு அது பாதுகாப்பு. விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. வெள்ளித்தாள் போர்வையை 60 கஜம் தள்ளி அந்தத் திறந்த காட்டில் கட்டியிருந்தால் ஒருவேளை யார் கண்ணிலாவது பட்டிருக்கும். ஆனால் பசியோடும் பயத்தோடும் இருப்பவருக்கு, 60 கஜம் தள்ளி என்ன இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதே இன்னொரு முறை தொலைந்துபோகிற ஆபத்து. கூடாரத்தில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டே சுற்றிப் பார்க்கலாம் என்று பயிற்சியில் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வார்டன்கள் மீது எனக்குக் குறையே இல்லை. இரண்டு ஆண்டு விடாமல் திரும்பத் திரும்பப் போனவர்கள். 2016இல் 1,500 பக்கத்துக்கும் அதிகமான விசாரணை அறிக்கையை, நாய்கள் 100 கஜத்தில் தவறவிட்டதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். அதனால்தான் இன்று நாம் இதிலிருந்து கற்க முடிகிறது.

பிறகு நடந்தவை, நான் மாற்றிக்கொண்டவை

குடும்பம் அந்த இடத்துக்கு வார்டன்களோடு போய் அங்கே ஒரு சிலுவை நட்டது. யார் மீதும் பழி சொல்லவில்லை.

தொழில்நுட்பம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. 2022 நவம்பரில் அமெரிக்காவில் ஐபோன் 14இலிருந்து, கோபுர சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி வந்தது. அது 2013இல் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் ஊரிலிருந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது சட்டவிரோதம். வெளிநாட்டிலிருந்து அப்படிக் கருவியைக் கொண்டுவந்து கைதானவர்கள் உண்டு. ஆகவே வெளிநாட்டு மலை நடைக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கைபேசியில் உள்ள ஜிபிஎஸ், கோபுர சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால், கோபுரமே இல்லாத காட்டிலும் நீங்கள் நிற்கும் புள்ளி தெரியும். என்னோடு வருகிற அம்மாக்களுக்கு இதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறேன். வாட்ஸ்அப்பைப் பேரப்பிள்ளைகளிடம் கற்றவர்கள் இதையும் பத்து நிமிடத்தில் கற்றுவிடுகிறார்கள். அப்புறம் 112. உங்கள் நிறுவனத்தின் கோபுரம் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலும் அவசர அழைப்பு போகும். குறுஞ்செய்தி போகவில்லை என்பதற்காக அழைப்பும் போகாது என்று முடிவுகட்ட வேண்டாம்.

வீட்டில் விட்டுப் போகும் தாளில் முன்பு "மாலை திரும்பிவிடுவோம்" என்று மட்டும் எழுதுவேன். இப்போது வழி, தங்கும் இடம், திரும்பும் நேரம், அந்த நேரம் தாண்டி மூன்று மணி நேரமானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நான்கு வரி. மழை பெய்தாலும் அந்த மூன்று மணி நேரம் மூன்று மணி நேரம்தான்.

ஒதுங்குவதைப் பற்றி வாயைத் திறந்து பேச ஆரம்பித்தோம். அதுதான் கஷ்டமாக இருந்தது. வயதில் மூத்தவர்கள் கூட்டத்தில் சொல்லாமல் பின்தங்கி நழுவிப் போவார்கள், கூச்சம். இப்போது கிளம்பும்போதே எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு விசிலும், இரண்டு கை நீளத்துக்குச் சிவப்பு ரிப்பன் துண்டுகள் பத்தும் கொடுத்துவிடுகிறேன். தடத்து மரத்தில் ஒன்று, அது கண்ணில் படும் கடைசி இடத்தில் இன்னொன்று, அப்படியே கட்டிக்கொண்டே போக வேண்டும், வரும்போது அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். தடத்தில் ஒருத்தி நிற்பாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுப்பாள், பதில் வர வேண்டும். போன மாதம் எழுபத்தொரு வயது அம்மா ஒருவர் ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார், "ஏம்மா, இதுக்குப் போய் இவ்வளவா?" மெய்ன் காட்டில் நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இன்னும் நாலு துண்டு கொடு என்று வாங்கிக்கொண்டார்.